தேசாதிபதி நோர்த்தின் வம்சாவளி

வவுனியாக் கச்சேரியடியில் பண்டாரவன்னியனின் சிலை நிற்கிறது. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்காத மாணவி நம் கல்லூரியில் இருக்க மாட்டாள். 1803 ஓகஸ்ட் 25 இல் அவன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான் என்பதும், அதே வருடம் ஒக்டோபர் 31 இல் ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிரிபேர்க்கின் படையிடம் தோற்றான் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் அந்தப் படையை அனுப்பிய ஆங்கில அரசாங்கத்தின் தலைவராகக் கொழும்பில் இருந்தவர் யார் என்று கேட்டால், "நோர்த்" என்ற ஒரு சொல்லோடு பலரும் நின்றுவிடுவோம். நானும் அப்படித்தான் நின்றிருந்தேன்.

சென்ற தவணையில் வரலாற்றுப் பாடத்துக்கு ஓர் ஒப்படை தரப்பட்டது. ஒவ்வொருவரும் தம் குடும்பத்தின் வம்சாவளிப் படத்தை வரைந்து வர வேண்டும். என் படம் மேல்நோக்கி நான்கு தலைமுறையோடு முடிந்துவிட்டது. நான்காவது தலைமுறையிலும் ஆண்களின் பெயர்கள் மட்டும் இருந்தன; பெண்களுக்குரிய பெட்டிகள் வெறுமையாக இருந்தன. பக்கத்தில் இருந்த தோழி, "இங்கிலாந்துப் பிரபுமாருடைய படமென்றால் சுவர் முழுக்க ஒட்ட வேண்டி வரும்" என்றாள். விளையாட்டாகச் சொன்னாள். எனக்கோ உண்மையாகவே அப்படியொரு படத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. எந்தப் பிரபுவின் குடும்பத்தை எடுப்பது என்று யோசித்தபோது, நம் வன்னியோடு தொடர்புபட்ட நோர்த் குடும்பமே நினைவுக்கு வந்தது.

முதலில் ஒரு விளக்கம். இங்கிலாந்துப் பிரபுக்களில் ஐந்து படிகள் உண்டு. கீழிருந்து மேலாகப் பாரன், விஸ்கவுண்ட், ஏர்ல், மார்க்விஸ், டியூக். இப்பட்டங்களை அரசர் வழங்குவார். பின்னர் அவை தந்தைக்குப் பின் மூத்த மகன் என்ற முறையில் இறங்கும். நோர்த் குடும்பம் பாரன் படியில் தொடங்கி, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் ஏர்ல் படிக்கு ஏறியது.

இக்குடும்பத்தை உயர்த்தியவர் எட்வர்ட் நோர்த். அவர் பிறப்பால் பிரபு அல்ல. அவருடைய தந்தை லண்டனில் ஒரு வர்த்தகர். எட்வர்ட் சட்டம் படித்தார். எட்டாம் ஹென்றி மன்னர் இங்கிலாந்தின் துறவி மடங்களைக் கலைத்து அவற்றின் காணிகளையும் சொத்துகளையும் அரசுக்கு எடுத்த காலம் அது. அச்சொத்துகளை நிர்வகிக்க 1536 இல் தனியாக ஒரு மன்றம் அமைக்கப்பட்டது. எட்வர்ட் அதில் முதலில் பொருளாளராகவும் பிறகு தலைவராகவும் இருந்தார். லண்டனிலிருந்த சார்ட்டர்ஹவுஸ் என்ற பெரிய மடம் அவர் கைக்கே வந்து மாளிகையானது. 1558 இல் முடிக்குரியவரான முதலாம் எலிசபெத் அந்த மாளிகையில் சில நாட்கள் தங்கினார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1554 இல், எட்வர்ட் பாரன் நோர்த் ஆகியிருந்தார். பெரிய வம்சங்கள் எல்லாம் போர்க்களத்தில் வாளால் தொடங்கியவை என்று நினைத்திருந்தேன். இது பேரேட்டில் தொடங்கிய வம்சம்.

எட்வர்டுக்கு இரண்டு ஆண்மக்கள். மூத்தவர் ரொஜர் பட்டத்தையும் காணியையும் பெற்று இரண்டாவது பாரன் ஆனார். இளையவர் தோமஸுக்கு எழுத்து வந்தது. தோமஸ் நோர்த் 1579 இல் புளூட்டாக் என்ற பழைய கிரேக்க ஆசிரியரின் வாழ்க்கை வரலாறுகளைப் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் தந்தார். ஷேக்ஸ்பியர் "ஜூலியஸ் சீசர்", "அன்ரனியும் கிளியோபாத்ராவும்", "கொரியோலேனஸ்" ஆகிய நாடகங்களை எழுத எடுத்து வைத்திருந்த நூல் அதுவே. ஆங்கில இலக்கியம் படிக்கும் அக்காமாருக்கு இது தெரிந்திருக்கும்.

எனக்கு அதைவிட மகிழ்ச்சி தந்தது தோமஸின் இன்னொரு நூல். 1570 இல் அவர் இத்தாலிய மொழியிலிருந்து ஒரு கதை நூலை மொழிபெயர்த்தார். மிருகங்கள் பேசும் கதைகள். அவை எங்கிருந்து இத்தாலிக்கு வந்தன என்று பின்னோக்கிப் போனால், லத்தீன், அதற்கு முன் ஹீப்ரு, அதற்கு முன் அரபு என்று போகிறது. அரபியில் அதன் பெயர் "கலீலா வ திம்னா". எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகப்பஃ எழுதியது. அவர் அதைப் பழைய பாரசீகத்திலிருந்து எடுத்தார். பாரசீகத்துக்கு அது வந்தது நம் பக்கத்துப் பஞ்சதந்திரத்திலிருந்து. ஆறாம் வகுப்பில் நாம் படித்துச் சிரித்த சிங்கமும் நரியும் இத்தனை மொழி கடந்து நோர்த் வீட்டு இளைய மகனின் மேசைக்குப் போயிருக்கின்றன. கதைக்கும் ஒரு வம்சாவளி உண்டு. மனிதர்களுடையதைவிட அது நீளம்.

மூன்றாவது, நான்காவது பாரன்மாரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இருவருக்குமே பெயர் டட்லி. நான்காவது பாரனின் பிள்ளைகள்தான் இக்குடும்பத்தில் மிகவும் கெட்டிக்காரர்கள். மூத்தவர் வழக்கம்போலப் பட்டத்தை எடுத்தார். மற்றவர்கள் உழைத்தே வாழ வேண்டியிருந்தது. பிரான்சிஸ் வழக்கறிஞராகி, நீதிபதியாகி, அரச முத்திரையைக் காக்கும் உயர்பதவி வரை சென்று, 1683 இல் தனக்கென்று பாரன் கில்போர்ட் என்ற புதிய பட்டத்தைப் பெற்றார். ஜோன் கேம்பிரிட்ஜில் டிரினிற்றிக் கல்லூரியின் தலைவரானார். டட்லியைச் சின்ன வயதில் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட, வீட்டார் பெரும்பாடுபட்டு மீட்டார்களாம். வளர்ந்து வியாபாரியாகத் துருக்கிக்குப் போன அவர் இஸ்மீரிலும் இஸ்தான்புல்லிலும் பல வருடங்கள் வாழ்ந்தார். துருக்கி மொழியைக் கற்று, உதுமானிய நீதிமன்றங்களின் நடைமுறைகளையும் தெரிந்து வைத்திருந்தார். 1691 இல் வெளிவந்த அவருடைய வர்த்தகம் பற்றிய நூல், வியாபாரத்துக்குத் தடைகள் போடக்கூடாது என்று வாதிட்ட ஆரம்ப நூல்களில் ஒன்று. பொருளியல் படிப்பவர்கள் அடம் ஸ்மித்தின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அவருக்கு ஏறத்தாழ எண்பது வருடங்கள் முந்தியவர் இவர்.

கடைசித் தம்பி ரொஜர். இவரும் வழக்கறிஞர். 1688 இல் ஆட்சி மாறியபின் அரச பதவிகளை விட்டு நோர்போக் மாகாணத்தில் ரஃகம் என்ற கிராமத்தில் குடியிருந்து, மூன்று அண்ணன்மாருடைய வாழ்க்கையையும் எழுதத் தொடங்கினார். தான் இருக்கும்வரை அதை அச்சிடவில்லை. 1734 இல் அவர் இறந்த பிறகு, 1740களில் மகன் மொன்டேகு வெளியிட்டார். அரசர் வரலாறு எழுதுவது வழக்கமாயிருந்த காலத்தில், அண்ணன்மார் எப்படிப் பேசினார்கள், எதற்குக் கோபித்தார்கள் என்று ஒரு தம்பி எழுதினார். இந்தக் குடும்பத்தைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்குப் பெரிய காரணம் பட்டமல்ல, ரொஜரின் பேனை.

ரொஜர் தன் அக்கா மேரியைப் பற்றியும் கொஞ்சம் எழுதியிருக்கிறார். மேரிக்கு அபாரமான ஞாபகசக்தி. நீண்ட நீண்ட கதை நூல்களை மனனம் செய்து, தங்கைமாரும் தோழிகளும் கூடியிருந்து தையல் வேலை செய்யும்போது அவர்களுக்குச் சொல்வார். இந்தத் தோழிகளைக் கொண்டு அவர் ஒரு சங்கம்கூட அமைத்தார். அதற்கு ஒரு சின்னம்: சூரியன், அதன் கதிர்களைத் தொடும் ஒரு வட்டம், "தன்னிறைவு" என்று பொருள்படும் ஒரு கிரேக்கச் சொல். பதினேழாம் நூற்றாண்டில் ஒரு பெண்கள் இலக்கிய மன்றம்! நம் தமிழ் மன்றத்துக்கு இப்படி ஒரு சின்னம் இன்னும் இல்லை. மேரி திருமணமாகி முதல் பிள்ளைப்பேற்றிலேயே இறந்து போனார். அவர் மனதில் இருந்த கதைகளும் அவரோடு போயின. தம்பி எழுதிய அந்தச் சில வரிகள் இல்லாவிட்டால், வம்சாவளிப் படத்தில் மேரி "இன்னாரின் மனைவி" என்ற அளவில் நின்றிருப்பார்.

இனி நாம் வேகமாக இறங்குவோம். 1734 இல் மூத்த கிளை அற்றுப்போகவே பழைய பாரன் நோர்த் பட்டமும் பிரான்சிஸின் பேரனிடம் வந்து சேர்ந்தது. 1752 இல் அவரே கில்போர்ட் ஏர்ல் ஆக்கப்பட்டார். அவருடைய மகன்தான் உலக வரலாற்றில் பேர்போன லோர்ட் நோர்த். 1770 முதல் 1782 வரை பிரித்தானியாவின் பிரதமர். ஐக்கிய அமெரிக்கா பிரித்தானியாவை விட்டுப் போனது இவர் காலத்தில்தான். 1773 இல் இவருடைய அரசாங்கம் கொண்டுவந்த தேயிலைச் சட்டத்தை எதிர்த்து, அந்த டிசம்பர் 16 ஆம் திகதி பொஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். (அது சீனத் தேயிலை. நம் நாட்டில் ஜேம்ஸ் டெய்லர் தோட்டமாகத் தேயிலை நட்டது 1867 இல்.) அதே 1773 இல் இவர் கொண்டுவந்த இன்னொரு சட்டம் கிழக்கிந்தியக் கம்பனியைப் பாராளுமன்றத்தின் பிடிக்குள் கொண்டுவர முயன்றது. கல்கத்தாவில் தலைமை ஆளுநர் என்ற பதவி அதனால்தான் உண்டானது.

லோர்ட் நோர்த் கடைசிக் காலத்தில் கண்பார்வையை இழந்தார். தகப்பன் 86 வயது வரை வாழ்ந்தபடியால் ஏர்ல் பட்டம் இவருக்கு வந்தது 1790 இல்தான். இரண்டே வருடங்களில் இவரும் காலமானார். அவர் வீட்டில் எப்படி இருந்தார், கண் தெரியாத நாட்களை எவ்வளவு பொறுமையாகக் கழித்தார் என்பதைப் பின்னாளில் எழுதி வைத்தவர் அவருடைய கடைசி மகள் சார்லட். மறுபடியும் கடைசிப் பிள்ளைதான் எழுதுகிறது.

இறக்கும்போது லோர்ட் நோர்த்துக்கு மனைவியும், மூன்று ஆண்மக்களும் மூன்று பெண்மக்களும் இருந்தார்கள். இந்த இடத்தில் நான் சிறிது நேரம் நின்றுவிட்டேன். ஆங்கிலேய முறைப்படி பட்டமும் அதோடு கட்டப்பட்ட காணியும் மூத்த மகன் ஜோர்ஜுக்கே போயின. இதே குடும்பம் நம் வாரிசுச் சட்டத்தின் கீழ் இருந்தால் எப்படியிருக்கும் என்று இஸ்லாம் பாடத்தில் படித்தபடி ஒரு கணக்குப் போட்டேன். சொத்து 72 பங்கு என்று வைப்போம். மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 9 பங்கு. மீதி 63 இல் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மகன்மாருக்குத் தலா 14, மகள்மாருக்குத் தலா 7. மூத்தவர் என்பதற்காக ஒரு பங்கும் கூடாது. இளையவர் என்பதற்காக ஒன்றும் குறையாது. பெண் என்பதற்காக எவரும் வெறுங்கையோடு போக மாட்டார். ஆனால் இப்படிப் பங்கிட்டுக்கொண்டே போனால் சார்ட்டர்ஹவுஸ் போன்ற ஒரு மாளிகை மூன்று தலைமுறைக்குமேல் ஒரே கையில் நிற்காது. ஆங்கிலப் பிரபுக்களின் பெரிய வீடுகள் நின்றதற்கு, தம்பிமாரும் தங்கைமாரும் கொடுத்த விலை ஒரு காரணம். அந்தத் தம்பிமார் என்ன செய்தார்கள்? சட்டம் படித்தார்கள், துருக்கிக்கு வியாபாரத்துக்குப் போனார்கள், கப்பலேறி நம் நாடுகளை ஆள வந்தார்கள்.

மூன்றாவது மகன் பிரெட்ரிக் நோர்த் 1766 இல் பிறந்தவர். ஈட்டன் பாடசாலையிலும் ஒக்ஸ்போர்டிலும் படித்தார். கிரேக்க மொழிமீது அவருக்கிருந்த பற்றுக்கு அளவில்லை. 1791 இல் கிரேக்கத் தீவான கோர்புவில் கிரேக்கத் திருச்சபையிலேயே சேர்ந்துவிட்டார். அதை ஊருக்குச் சொல்லாமல் வைத்திருந்தார். கொஞ்சக் காலம் பாராளுமன்றத்திலும், பிறகு கோர்சிக்காத் தீவிலே அரச செயலாளராகவும் இருந்தார். இலங்கையின் கரையோரத்தை 1796 இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்தபோது, மதராஸிலிருந்த கம்பனி உத்தியோகத்தர் இங்கே வரி அறவிட வந்தார்கள். அவர்கள் போட்ட வரிகளால் 1797 இல் கலகம் வெடித்தது. நிலைமையைச் சீர்ப்படுத்த 1798 ஒக்டோபரில் தேசாதிபதியாக வந்திறங்கியவர் இந்த 32 வயதுத் தம்பிப் பிரபு. முதல் மூன்று வருடம் கம்பனியோடு அதிகாரத்தைப் பங்குபோட வேண்டியிருந்தது. தகப்பன் கட்டுப்படுத்தப் பார்த்த அதே கம்பனியோடு மகன் மல்லுக்கட்டினார்.

அவர் செய்தவற்றில் இன்றும் நின்று நிலைப்பவை பல. 1800 இல் நில அளவைத் திணைக்களம், 1802 மார்ச் 15 இல் முதலாவது அரசாங்க வர்த்தமானி. வர்த்தமானி என்ற சொல்லை இன்று கேட்காத வீடு இல்லை. ஒல்லாந்தர் விட்டுப்போன பாடசாலைகளை மீளத் திறந்து, பாதிரியார் ஜேம்ஸ் கோர்டினரின் பொறுப்பில் கொடுத்தார். செலவைக் குறைக்கும்படி லண்டனிலிருந்து கட்டளை வந்ததும் ஆசிரியர் சம்பளம் நின்றது. பணம் குறையும்போது முதலில் வெட்டுவது பள்ளிக்கூடத்தைத்தான் என்பது அன்றும் அப்படியே.

அவருக்கு அழியாத கெட்ட பெயரைக் கொடுத்தது கண்டி. 1803 பெப்ரவரியில் ஆங்கிலப் படை கண்டிக்குள் புகுந்து, முத்துசாமி என்ற இளவரசரை அரியணையில் ஏற்றியது. காய்ச்சலும் பசியும் படையைத் தின்றன. ஜூன் 24 இல் மேஜர் டேவி சரணடைய, அவர் படையில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். இதில் நம்மவர் கவனிக்க வேண்டிய ஒரு சம்பவம் உண்டு. ஆங்கிலப் படையில் மலாய் முஸ்லிம் வீரர்களும் இருந்தார்கள். அவர்களுள் கப்டன் நூருத்தீன் என்பவர் அரச குலத்தவர். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவிலிருந்து ஒல்லாந்தரால் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்ட ஓர் அரசரின் பிள்ளை. அவருடைய இன்னொரு சகோதரர் கண்டி அரசனின் சேவையில் இருந்து, அதே சண்டையில் மடிந்தார். கண்டி அரசன் தன் படையில் சேரும்படி நூருத்தீனைக் கேட்டபோது அவர் மறுத்தார், கொல்லப்பட்டார். நோர்த் குடும்பத்தின் மூன்று சகோதரர்களைப் பற்றி அலுமாரி நிறைய நூல்கள். இந்த அரச சகோதரர்களைப் பற்றி நம் பாடநூலில் ஒரு வரியும் இல்லை.

கண்டியில் ஆங்கிலேயர் விழுந்த செய்தி வன்னிக்கு வந்து இரண்டு மாதத்தில் பண்டாரவன்னியன் எழுந்தான். வன்னியரின் பழைய அதிகாரத்தை ஒல்லாந்தர் 1782 இலேயே பறித்துவிட்டார்கள். தோமஸ் நாகல் என்ற அதிகாரி முல்லைத்தீவிலிருந்து வன்னியை ஆண்டார். அந்தப் பறிப்பை ஆங்கிலேயரும் தொடர்ந்தார்கள். கண்டியின் துணையோடு வந்த பண்டாரவன்னியனின் படையைத் தாங்க முடியாமல், முல்லைத்தீவிலிருந்த சிறுபடை படகேறி யாழ்ப்பாணம் சென்றது. பிறகு யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்ற மூன்று திசைகளிலிருந்தும் படை அனுப்பப்பட்டது. கற்சிலைமடுவில் அதிகாலையில் நடந்தது எல்லோரும் அறிந்ததே. அங்கே ஆங்கிலேயர் நட்ட கல்லில் வென்றவரின் பெயரும் தோற்றவரின் பெயரும் திகதியும் பொறிக்கப்பட்டிருந்தன. பண்டாரவன்னியனின் தாய் யார், பிள்ளைகள் யார், அந்த வம்சம் பிறகு எங்கே போனது என்பவற்றை அந்த நாளில் ஒரு ரொஜர் நோர்த் உட்கார்ந்து எழுதவில்லை. வன்னி பற்றிய பெரிய நூல் ஒன்று ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில அதிகாரி எழுதி 1895 இல் வந்தது. கற்சிலைமடுவுக்கு 92 வருடங்களுக்குப் பிறகு.

தேசாதிபதி நோர்த் நம் பக்கத்தில் விட்டுச் சென்ற கட்டடம் ஒன்று உண்டு. மன்னார் மாவட்டத்தில், சிலாவத்துறைக்கு அருகே அரிப்புக் கடற்கரையில், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய அவர் ஒரு மாளிகை கட்டுவித்தார். 1804 அளவில் வேலை முடிந்தது. கிரேக்கப் பைத்தியம் பிடித்தவர் அல்லவா, பழைய கிரேக்கக் கோயில்களின் தூண்களைப் போலத் தூண்கள் வைத்தார். "டொரிக்" என்ற அந்தத் தூண் வகையின் பெயரே மாளிகையின் பெயரும் ஆயிற்று. மேலே ஏறி நின்றால் முத்துப்பார் பக்கம் கடல் தெரியும். சலாபக் காலத்தில் அந்த வெறும் மணல்வெளி பெரிய நகரம்போல ஆகிவிடும். காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம்கள், தூத்துக்குடிப் பரவர், வடக்கேயிருந்து வியாபாரிகள் என்று எல்லோரும் கூடுவார்கள். இன்று அந்த மாளிகையில் சில சுவர்களே மிச்சம். கடல் கரையை அரித்து அரித்து, கட்டடத்தின் காலடிக்கே வந்துவிட்டது.

என் உம்மம்மா முசலிப் பகுதியைச் சேர்ந்தவர். இந்தக் கட்டுரைக்காக அரிப்பு மாளிகையின் படத்தைக் காட்டி, "இதைத் தெரியுமா உம்மம்மா? வெள்ளைக்காரத் தேசாதிபதி கட்டினது" என்றேன். படத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார்.

"இது அல்லிராணிட கோட்டை புள்ள. எந்த வெள்ளைக்காரன்?" என்றார்.

நான் நோர்த்தைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவன் வந்து இருந்திருப்பான். கோட்டை அல்லிராணிடதான்" என்று முடித்துவிட்டார்.

உண்மைதான். அந்த ஊர்களில் எல்லோரும் அதை அல்லிராணி கோட்டை என்றே சொல்கிறார்கள். கதைப் பாடலில் வரும், ஆண்களை அண்டவிடாமல் நாட்டை ஆண்ட அல்லியின் பெயர் அந்தச் சுவருக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. எத்தனை புத்தகங்களில் நோர்த்தின் பெயர் இருந்தாலும் அரிப்பில் அவர் பெயர் இல்லை. வரலாற்று மாணவி என்ற முறையில் கட்டியவர் நோர்த் என்றுதான் நான் எழுத வேண்டும். உம்மம்மாவிடம் அதை மறுபடி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நோர்த் 1805 இல் இலங்கையை விட்டுப் போனார். அதற்குள் 1802 இல் மூத்த அண்ணன் ஜோர்ஜ் மூன்று பெண்பிள்ளைகளை விட்டு இறந்திருந்தார். இங்கே ஒரு விசித்திரம். ஏர்ல் பட்டம் ஆண்வழிக்கு மட்டுமே உரியதாகையால் இரண்டாவது அண்ணனுக்குப் போனது. பழைய பாரன் நோர்த் பட்டமோ பெண்களுக்கும் இறங்கக்கூடியது. ஆனால் மகள்மார் ஒருவருக்கு மேல் இருந்தால், எவருக்கு என்று தீராமல் அது அந்தரத்தில் தொங்கும். 39 வருடம் தொங்கியது. மற்ற இரு சகோதரிகளும் பிள்ளையின்றி இறந்த பிறகு, 1841 இல் சூசன் என்பவர் பாரன் பட்டத்தைத் தன் பெயரில் பெற்றார். அவரைத் திருமணம் செய்தவர் மனைவியின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார்! 1941 இல், உலகப்போரில் கடற்படையிலிருந்த இளம் பாரன் ஒருவர் கொல்லப்பட்டபின் அப்பட்டம் மீண்டும் அந்தரத்துக்குப் போனது.

இரண்டாவது அண்ணனும் பிள்ளையின்றி 1817 இல் இறக்க, எதுவும் கிடைக்காதென்று கப்பலேறிய மூன்றாவது தம்பி கில்போர்ட் ஏர்ல் ஆனார். அவர் அந்தப் பணத்தைக் கிரேக்கத்தில் கொட்டினார். 1824 இல் கோர்புவில் ஒரு பல்கலைக்கழகத்தைத் திறந்து, பழைய கிரேக்க உடையை உடுத்திக்கொண்டு அதன் தலைவராக உலாவினார். அங்கே அவருக்குச் சிலை இருக்கிறது. மணம் முடிக்காமலே 1827 இல் லண்டனில் இறந்தார். பட்டம் சிற்றப்பா மகனுக்குச் சென்று, அந்த வழியில் இன்றுவரை இருக்கிறது. குடும்பத்தின் ரொக்ஸ்டன் மாளிகை கடந்த நூற்றாண்டின் அறுபதுகளில் ஒரு பல்கலைக்கழகத்தின் கைக்கு மாறியது. எந்த நாட்டுப் பல்கலைக்கழகம் என்று நினைக்கிறீர்கள்? அமெரிக்கப் பல்கலைக்கழகம். அமெரிக்காவை இழந்த பிரதமரின் வீட்டில் அமெரிக்கப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள்.

இவ்வளவும் எழுதி முடித்து மறுபடி என் படத்தை எடுத்தேன். எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் காகிதங்கள் இருந்தன. காணி உறுதிகள், நிக்காஹ் பதிவுகள், பிள்ளை பிறந்த நாளும் நேரமும் மூத்தாப்பா குறித்து வைத்த ஒரு கொப்பி. எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருந்ததாம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கையில் பிள்ளைகளைத் தூக்குவதா, பெட்டியைத் தூக்குவதா என்ற நிலை. உம்மம்மா பிள்ளைகளைத் தூக்கினார். அவர் தூக்கியவர்களில் ஒருவர் என் உம்மா. புத்தளத்தில் இருபது வருடம் கழித்து ஊருக்குப் போய்ப் பார்த்தபோது வீட்டின் அத்திவாரம் இருந்தது, அதற்குள் மரம் வளர்ந்திருந்தது.

"உங்கட உம்மாட பேரு என்ன?" என்று கேட்டேன். சொன்னார். "அவட உம்மாட பேரு?" யோசித்தார். "மூத்தம்மா எண்டுதான் எல்லாரும் கூப்பிடுவம். பேரு... நான் கேக்கவே இல்ல புள்ள. ஆனா நல்லா பாய் இழைப்பா. அவ இழைச்ச பாய்க்கு மறிச்சுக்கட்டியில இருந்தும் வந்து கேப்பாங்க."

பெயருக்குரிய பெட்டியில் "பாய் இழைப்பார், மறிச்சுக்கட்டி வரை தெரிந்தவர்" என்று எழுதினேன். உம்மம்மாவின் மாமி ஒருவர் இன்னும் இருக்கிறார். முசலியில், தொண்ணூறை நெருங்கும் வயதில். மூத்தம்மாவின் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கும் என்கிறார் உம்மம்மா. வருகிற தவணை விடுமுறையில் இருவரும் போகிறோம். பஸ் சிலாவத்துறையால்தான் போகும். அல்லிராணி கோட்டையில் இறங்கிப் பார்க்கவும் வாப்பா சம்மதித்திருக்கிறார்.